பெயரை விட்டு எண்ணைப் பிடிப்பது: பழைய பத்திரிகையும் கேஸ் கட்டும் வைத்துக் கொடிவழி எடுக்கும் முறை

கொடிவழி, அதாவது குடும்பத்தின் வம்சாவளி, தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பழைய பத்திரிகைகளைப் புரட்டத் தொடங்குகிறார்கள். அது பலிப்பதில்லை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா, மறுபடி சுப்பையா மகன் ராமசாமி என்று சக்கரம் சுற்றும். 1890இல் வருகிற ‘சுப்பையா மகன் ராமசாமி’யும் 1940இல் வருகிற ‘சுப்பையா மகன் ராமசாமி’யும் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே நிலம்; ஆனால் ஆள் வேறு. பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரு கோர்ட்டில் ஓர் ஆண்டில் ஒரு வழக்கு எண் ஒருமுறைதான் வரும். பத்திர எண்ணும் அப்படியே. அதனால் தேட வேண்டியது எண்ணை. பெயர் அந்த எண்ணுக்குப் பின்னால் தானாக வந்து சேரும்.

இங்கே சொல்லப்படுவது பழைய மதராஸ் மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களுக்குப் பொருந்தும் முறை. உதாரணங்கள் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தை மனத்தில் வைத்தவை. காலம் ஏறக்குறைய 1880 முதல் 1990 வரை.

முதலில் வீட்டுப் பெட்டி

நூலகத்துக்கும் கோர்ட்டுக்கும் போகுமுன் வீட்டில் இருக்கிற பழைய பத்திரங்களை எடுத்து முன்பக்கத்தைப் படிக்காமல் திருப்பிப் போடுங்கள். பின்பக்கத்தில் மூன்று வகைக் குறிப்புகள் இருக்கும்.

முதலாவது, ஸ்டாம்பு வெண்டர் எழுதியது: வாங்கிய தேதி, வாங்கியவர் பெயர், ஊர். பத்திரம் எழுதிய தேதிக்கும் இதற்கும் பல மாத இடைவெளி இருந்தால் அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வையுங்கள்.

இரண்டாவது, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் குறிப்பு: எத்தனையாவது புஸ்தகம், எந்த வால்யூம், எந்தப் பக்கங்கள், எந்த ஆண்டின் எத்தனையாவது நம்பர். எழுதிக் கொடுத்தவரை ‘எனக்குத் தெரியும்’ என்று அடையாளம் காட்டிய இருவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊரும் இதில் வரும். அடையாளம் காட்ட வந்தவர்கள் பலமுறை பங்காளியாகவோ மைத்துனராகவோ இருப்பார்கள். அவர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் புதையல். அந்தப் பத்திரம் எப்போதாவது கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், தாக்கல் செய்தவர் பெயர், தேதி, நீதிபதியின் சுருக்கொப்பம் எல்லாம் பின்னால் இருக்கும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் கட்டளை 4ஆம் விதி அப்படி எழுதச் சொல்கிறது. வழக்கு முடிந்ததும் அசல் பத்திரத்தைத் தாக்கல் செய்தவர் திரும்பப் பெறலாம் என்பதால் கோர்ட்டில் கேஸ் கட்டே அழிக்கப்பட்டிருந்தாலும் வீட்டுப் பெட்டியில் அதன் எண் உயிரோடு இருக்கும். பழைய கேஸ்களில் வாதியின் ஆவணங்களுக்கு ஆங்கில எழுத்துகளும் பிரதிவாதியின் ஆவணங்களுக்கு ரோமன் எண்களும் போடும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் ஏ-1, பி-1 என்று மாறியது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் ரோமன் எண் இருந்தால் உங்கள் குடும்பம் பிரதிவாதிப் பக்கம் நின்றது என்று கொள்ளலாம்.

எழுத்தைப் படிக்கும்போது ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. மேற்படிக்கு ‘ஷை’ என்றும் எழுதுவார்கள்; ‘ஷையார்’ என்றால் மேலே சொன்னவர். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௨௰௧ என்பது 1921. கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் இரண்டு பத்திரங்களுக்கு ஒரு நாள் பிடிக்கும். அதே கை எழுதிய மூன்றாவது பத்திரம் அரை மணியில் முடியும்.

தேதியில்தான் அதிகம் தவறுவார்கள். துன்மதி வருஷம் என்றால் 1921–22. அறுபது ஆண்டு முன்னால் 1861–62உம் துன்மதி, பின்னால் 1981–82உம் துன்மதி. ஸ்டாம்பு தாளில் இருக்கும் அரசர் தலை எந்தச் சுற்று என்று சொல்லிவிடும். நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். பசலியோடு 590 கூட்டினால் தொடக்க ஆண்டு வரும். பசலி 1331 என்பது 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கமும் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியும் என்றால் கொல்லம் ஆண்டு வரும்: ஆவணிக்குப் பின் டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். ஆவணி 1 என்பது ஆகஸ்டு 16 அல்லது 17. பத்திரத்தில் கிழமை எழுதியிருந்தால் அதோடு ஒத்துப்போகிற தேதியை எடுங்கள். ஒரு நாள் பிசகு அங்கேயே தீர்ந்துவிடும்.

பத்திரிகையில் எந்தப் பக்கம்

செய்திப் பக்கங்களில் சாமானியக் குடும்பங்கள் வருவது அபூர்வம். வருகிற இடம் விளம்பரப் பக்கம்: கோர்ட் நோட்டீஸ், ஏல அறிவிப்பு, எச்சரிக்கை விளம்பரம், சுவீகார (தத்து) அறிவிப்பு, மரண அறிவிப்பு. ‘என் மகன் என்னை விட்டுப் பிரிந்து போய்விட்டான், அவன் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல’ என்கிற நாலு வரி, ஒரு குடும்பம் பிரிந்த மாதத்தை அப்படியே கையில் கொடுத்துவிடும்.

எந்தக் காலத்துக்கு எதைத் தேடுவது என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. பிரதிவாதி கையில் சம்மன் சேராதபோது பத்திரிகை வழியே அறிவிப்பதானால் அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் புழங்கும் நாளிதழில் போட வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்து 1977 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே 1977க்குப் பின் உள்ளூர்ப் பதிப்புகளில் இந்த நோட்டீஸ்கள் கொட்டிக் கிடக்கும். கோர்ட் பெயர், வழக்கு எண், வாய்தா தேதி, தகப்பனார் பெயரோடு முகவரி, நாலும் இருக்கும். அதற்கு முன் பெரும்பாலும் வீட்டுக் கதவிலும் கோர்ட் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் காலத்துக்கு சம்மன் நோட்டீஸைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) நிறைவேற்றத்துக்காக நிலம் ஏலம் போகும் அறிவிப்பைத் தேடுங்கள். அதைத் தமுக்கடித்துச் சொல்வதோடு, கோர்ட் உத்தரவிட்டால் கெஜட்டிலோ உள்ளூர்ப் பத்திரிகையிலோ போடுவார்கள். கோயில், ஏரி, பொது நிலம் பற்றிய வழக்கை ஒரு சிலர் ஊருக்காக நடத்தினால் ஊராருக்கெல்லாம் அறிவிப்புப் போக வேண்டும். வீடுவீடாகத் தர முடியாத இடத்தில் அது பத்திரிகை விளம்பரமாக வரும். ஒரு கிராமத்தின் முக்கியக் குடும்பங்கள் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தமிழ்ப் பத்திரிகையில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மாவட்ட கெஜட்டில் வரி பாக்கிக்காக ஏலம் விட்ட நிலங்களின் பட்டாதார் பெயர்கள் வரும். மாகாண கெஜட்டான ஃபோர்ட் செயிண்ட் ஜார்ஜ் கெஜட்டில் திவால் அறிவிப்புகளும் 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் எடுக்கும் அறிவிப்புகளும் வரும். பின்னதில் சர்வே நம்பரும் உடைமையாளர் பெயரும் சேர்ந்தே இருக்கும். ரயில் பாதையோ வாய்க்காலோ உங்கள் ஊரைக் கடந்து போயிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். பெயர் மாற்றங்கள் தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் வருகின்றன.

இவற்றை எங்கே பார்ப்பது? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா பொது நூலகமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1882இல் வாரப் பதிப்பாகத் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன், 1934இல் தொடங்கிய தினமணி, 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி ஆகியவற்றின் வரிசை ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எந்த மாதம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு பிறகு போங்கள். குடும்பத்தில் யாராவது மலாயா, சிங்கப்பூர் போயிருந்தால் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தொடர்பு இருந்தால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள வலைத்தளம். இந்த இரண்டையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

மாதக் கட்டு ஒன்றில் இருபத்தைந்து முப்பது இதழ்கள் இருக்கும். முதல் பத்து இதழ்களை முழுக்கப் புரட்டி விளம்பரங்கள் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் விழுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் மாதக் கணக்கில் மாறாது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் இதழுக்கு மூன்று நிமிடம், ஒரு மாதக் கட்டுக்கு ஒன்றரை மணி. நகரப் பதிப்பும் வெளியூர்ப் பதிப்பும் ஒரே தேதியில் வேறு வேறு விளம்பரங்களோடு வரும். நூலகத்தில் இருப்பது எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளாவிட்டால், ‘பார்த்தேன், இல்லை’ என்கிற முடிவு பொய்யாகிவிடும்.

படம் எடுக்க அனுமதி உள்ள இடத்தில் ஃபிளாஷ் போடாதீர்கள். செய்தித்தாள் மெல்லியது; பின்பக்க மை முன்னால் தெரியும். எடுக்கும் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் அது அடங்கும். போனைத் தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பத்தியின் ஓரம் மங்கும். முதலில் இதழின் பெயரும் தேதியும் தெரியும் தலைப்பு, அடுத்து முழுப் பக்கம், அதற்குப் பின் விளம்பரம் மட்டும் என்று மூன்று படம். தலைப்பை எடுக்காமல் துண்டை மட்டும் எடுத்தால் ஆறு மாதம் கழித்து அது எந்தத் தேதி என்று யாராலும் சொல்ல முடியாது. மரக்கூழ்த் தாள் அமிலத்தால் நொறுங்குகிறது. மடிப்பில் விரல் வைத்துத் திருப்பாமல் மேல் மூலையைத் தூக்கித் திருப்புங்கள். நொறுங்கத் தொடங்கிய கட்டைத் திறக்காதீர்கள். நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) இருக்கிறதா என்று கேளுங்கள்.

எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) மென்பொருள் வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நாலும் கொம்பு வளைந்த பழைய வடிவில் அச்சாகும். ணா, றா, னா மூன்றும் சுழி வடிவில் இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய மென்பொருள் இவற்றைத் தப்பாகப் படிக்கும். ‘பிள்ளை’ என்று தேடினால் ஒன்றும் வராததற்கு அதுவே காரணம்; ‘பிள்’ என்று மட்டும் தேடினால் வரும். அதேபோல் ‘அண்ணா’வை ‘அண்’ என்று வெட்டித் தேடுங்கள். 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்த குடிஅரசு போன்ற இதழ்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு எண் கிடைத்தபின்

கும்பகோணம் முன்சீப் கோர்ட் (கீழ்நிலை சிவில் கோர்ட்), ஓ.எஸ். 143/1921 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். எண் மட்டும் இருந்து கோர்ட் பெயர் இல்லையென்றால் அது பயன்படாது. ஒவ்வொரு கோர்ட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஓ.எஸ். என்பது மூல வழக்கு. அதன்மேல் போன அப்பீல் ஏ.எஸ்., அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போன இரண்டாம் அப்பீல் எஸ்.ஏ. டிகிரியை நிறைவேற்றப் போட்ட மனு ஈ.பி., இடைமனு ஐ.ஏ. ஒரே சண்டைக்கு ஐந்தாறு எண்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் சங்கிலியாக எழுதுங்கள்.

சங்கிலியின் மேல்முனையை வீட்டிலிருந்தே பிடிக்க முடியும். 1862இல் தொடங்கிய மதராஸ் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளில் பல இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அன்று லண்டனில் கடைசி அப்பீலைக் கேட்ட பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் இணையப் பிரதியில் கீழ்க்கோர்ட் எண்கள் பல நேரம் விடுபட்டிருக்கும். 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மதராஸ் வரிசையின் அச்சுப் பிரதியை எடுத்தால் தீர்ப்பின் தொடக்கத்திலும் அடிக்குறிப்பிலுமாக எஸ்.ஏ. எண், அது எந்த ஏ.எஸ். மீது, அது எந்த ஓ.எஸ். மீது என்பவை பெரும்பாலும் இருக்கும். அந்த எண்கள்தான் பழைய கேஸ் கட்டுகள் இருக்கும் கோர்ட் ரிக்கார்டு ரூமின் கதவைத் திறக்கும். சட்டக் கல்லூரி நூலகங்களிலும் பழைய வக்கீல் ஆபீஸ்களிலும் இந்த வால்யூம்கள் கிடைக்கும்.

தீர்ப்புகளைப் பெயரால் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். ராமசாமியின் கடைசி எழுத்து ‘ஐ’யா, ‘ஒய்’யா? நடுவில் டபிள்யூ உண்டா? பிள்ளை ஏ-ஐ என்று முடிகிறதா, ஏ-ஒய் என்றா? முதலியார் எம்-யூவில் தொடங்குகிறாரா, எம்-ஓ-ஓவிலா? ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து வடிவங்களை எழுதிக்கொண்டுதான் உட்கார வேண்டும். போதாததற்கு, வழக்குத் தலைப்பில் முதல் வாதி, முதல் பிரதிவாதி பெயர் மட்டுமே இருக்கும். உங்கள் தாத்தா ஏழாவது பிரதிவாதி என்றால் தலைப்பில் வரவே மாட்டார். ஆகவே கிராமத்தின் பெயரையும் கீழ்க்கோர்ட் இருந்த ஊரின் பெயரையும் வைத்துத் தேடுங்கள்.

வெளியான தீர்ப்புகள் மிகச் சில. மற்றவற்றுக்கு ரிக்கார்டு ரூம்தான். இங்கே முதல் சிக்கல், கேஸ் கட்டு இன்றைக்கு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது. 1920இல் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப் கோர்ட்டில் நடந்த வழக்கு அன்று தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. மூன்று இடத்திலும் கேட்டாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உண்டானது. அதற்கு முந்தையது மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் கோர்ட்டுகள் வேறு. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1க்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு பிரெஞ்சு சிவில் பதிவேடுகளே போதும். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அங்கே ஒழுங்காக எழுதப்பட்டன.

ரிக்கார்டு ரூமில் முதலில் கேட்க வேண்டியது கேஸ் கட்டையல்ல, சூட் ரிஜிஸ்தரை. அதில் ஒரு வழக்குக்கு ஒரு பதிவு: பிராது (வழக்குத் தொடுக்கும் மனு) தேதி, கட்சிக்காரர்கள், என்ன கேட்டார்கள், மதிப்பு எவ்வளவு, டிகிரி தேதி, அப்பீல் போனதா, டிகிரி நிறைவேறியதா. கட்டு போய்விட்டாலும் ரிஜிஸ்தர் இருக்கும். 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி சாட்சி வாக்குமூலமும் மனுக்களும் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படும். தீர்ப்பும் டிகிரியும் அவற்றைவிட நீண்ட காலம் வைக்கப்படும். ஆகவே விண்ணப்பத்தில் ‘கேஸ் கட்டு முழுவதும்’ என்று எழுதினால் ‘அழிக்கப்பட்டது’ என்று திரும்பி வரக்கூடும். தீர்ப்பு, டிகிரி, சூட் ரிஜிஸ்தர் பதிவு என்று தனித்தனியே கேளுங்கள்.

நகல் மனு போடுகிறவர் அந்த வழக்கின் கட்சிக்காரராக இல்லாவிட்டால் எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் சேர்த்து நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். வழிவந்தவர் என்பதைக் காட்ட வாரிசுச் சான்றோ பழைய பத்திரமோ இணைத்தால் கேள்வி குறையும். மனு போட்டபின் ஸ்டாம்ப் கேட்டு கோர்ட் நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். உரிய நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூர்க்காரர்களின் மனுக்கள் இங்கேதான் அதிகம் சாகின்றன. உள்ளூர் வக்கீல் குமாஸ்தா ஒருவரை அமர்த்திக்கொள்வது இதற்காகவே. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோர்ட் விதிப்படி நகல் மனு வழியேதான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நகல் கேட்கும்போது ‘லாங் காஸ் டைட்டில்’ உள்ள பிராது அல்லது டிகிரி வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். சுருக்கத் தலைப்பில் இரண்டு பெயர். நீளத் தலைப்பில் எல்லா வாதி பிரதிவாதிகளும் தகப்பனார் அல்லது கணவர் பெயரோடு, மைனர் என்றால் கார்டியன் யார் என்பதோடு வருவார்கள்.

எந்த வழக்கில் என்ன கிடைக்கும்

கடன் வழக்கில் கொடிவழி கிடைக்காது. சூட் ரிஜிஸ்தரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை வழக்கு என்றால் எல்லாவற்றையும் கேளுங்கள். பங்கு எவ்வளவு என்பது கொடிவழியைப் பொறுத்தது என்பதால் பிராதிலேயே வம்சாவளிப் படம் போட்டிருப்பார்கள். முதல்நிலை டிகிரியோடு நிற்காமல் இறுதி டிகிரியையும் கமிஷனர் அறிக்கையையும் கேளுங்கள். எந்த அறை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று வீட்டின் வரைபடமே அதில் இருக்கும். ராஜியில் (சமரசத்தில்) முடிந்த வழக்கு என்றால் இன்னும் நல்லது. ராஜி மனுவில் பெரும்பாலும் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள், பெண்களும்தான்.

எல்லாவற்றிலும் வளமானது, விதவை விற்ற சொத்தை மீட்கப் பின்வாரிசு போடும் வழக்கு. கணவன் சொத்தில் விதவைக்கு ஆயுள்கால உரிமை மட்டும் இருந்த காலத்தில், அவர் இறந்தபின் கணவனின் நெருங்கிய பங்காளி தன் உறவை மூன்று நாலு தலைமுறை மேலே போய் நிரூபித்தால்தான் சொத்து. சாட்சிகள் கிழவர்கள், சொல்வதெல்லாம் உறவுமுறை. 1908ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி விதவை இறந்த 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 1932இல் பிராது என்றால் அந்த அம்மாள் 1920க்கும் 1932க்கும் நடுவில் இறந்திருக்கிறார். வாதி மைனராக இருந்திருந்தால் கொஞ்சம் முன்னேயும் போகலாம். இறந்த தேதியே சர்ச்சையானால் கிராம இறப்புப் பதிவேட்டின் நகல் சான்றாவணமாக இருக்கும். 1956 ஜூன் 17இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் அப்படி வைத்திருந்த சொத்து பெண்ணுக்கே முழு உரிமையானது. இந்த வகை வழக்கு மெல்ல மறைந்தது.

கார்டியன் விற்றதைச் செல்லாது என்று கேட்கும் வழக்கில் பிறந்த ஆண்டே கிடைக்கும். மேஜராகி மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். மேஜரானபின் 1921இல் போட்ட பிராது என்றால் வாதி 1900க்கும் 1903க்கும் நடுவில் பிறந்தவர். கோர்ட் நியமித்த கார்டியன் என்றால் மேஜர் வயது அன்று 21. பிறந்த ஆண்டை மூன்று ஆண்டு முன்னே, 1897–1900க்கு, தள்ளுங்கள். ஜாதகமே சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கும்.

வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க ஐ.ஏ. போடுவார்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 90 நாள். ‘2ஆம் பிரதிவாதி இறந்தார், 5 முதல் 9 வரை வாரிசுகள்’ என்று நீளத் தலைப்பில் சிவப்பு மையில் திருத்தம் இருக்கும். அந்த ஐ.ஏ.யின் பிரமாணப் பத்திரத்தில் இறந்த தேதியும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வயதும் வரும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்கு மணமாகியிராத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. 2005இல் மகள்கள் எல்லோருக்கும் வந்தது. அதனால் பிந்தைய வழக்குகளில் மகள்கள் கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும் கிடைக்கிறார்கள். அதற்கு முந்தைய வம்சாவளிப் படத்தில் மகள்கள் இல்லையென்றால், மகள்கள் பிறக்கவில்லை என்று பொருளல்ல. பிள்ளையில்லாமல் இறந்தவர்களும் முதல் தாரமும்கூட விடுபடுவார்கள். அந்தப் படம் பங்கு கணக்கிட வரைந்தது. குடும்பத்தைக் காட்ட வரைந்ததல்ல.

ஜமீன் வழக்குகள் பிரிவி கவுன்சில் வரை போனதால் அவற்றின் வம்சாவளி அச்சிலேயே இருக்கிறது. 1863இல் தீர்ந்த சிவகங்கை வழக்கும் 1868இல் தீர்ந்த ராமநாதபுரம் சுவீகார வழக்கும் மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பின் 9ஆம், 12ஆம் வால்யூம்களில் உள்ளன. வம்சாவளி வாதம் எப்படி நடக்கும் என்று பழக இவற்றைப் படித்துப் பாருங்கள். இனாம் (மானிய) நிலம் இருந்த குடும்பம் என்றால் கோர்ட்டுக்கு வெளியே 1860களின் இனாம் பதிவேட்டையும் கேளுங்கள். அனுபவிப்பவரின் பெயரும் வயதும் அதில் உண்டு.

சேர்ப்பதும் பிரிப்பதும்

அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரி போடாதீர்கள். குறிப்புக்கு ஒரு வரி போடுங்கள். தேதி, ஊர், பெயர் எழுதியிருந்தபடியே, உறவு எழுதியிருந்தபடியே, வழக்கு அல்லது பத்திர அல்லது சர்வே எண், இதழ்-பக்கம்-பத்தி, படக் கோப்பின் பெயர். எழுத்துப்பிழையைத் திருத்தி எழுதினால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இரண்டு வரிகள் ஒரே ஆளைப் பற்றியவை என்று முடிவு செய்யப் பெயரும் தகப்பனார் பெயரும் போதாது. இன்னும் இரண்டு பொருந்த வேண்டும். சர்வே எண், மனைவி பெயர், தொழில், வயது, கையெழுத்து, இவற்றில் ஏதாவது இரண்டு. சர்வே எண் நம்பகமானது, ஆனால் நிரந்தரமல்ல: மறுசர்வேயிலும் 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்னும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியிலும் எண்ணும் உட்பிரிவும் மாறின. பழைய, புதிய எண் ஒப்பீட்டைத் தாலுகா ஆபீசில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சி வாக்குமூலத்தின் தலையில் பெயர், தகப்பனார், வயது, தொழில், ஊர் வரும். வயது 40, 50, 60 என்று முழுசாக இருந்தால் ஐந்தாண்டு இப்படி அப்படி என்று வையுங்கள். 47 என்று இருந்தால் நம்பலாம். ஆங்கிலத் தீர்ப்பில் ‘அங்கிள்’ என்று இருந்தால் அதை வைத்து ஒரு கோடும் போடாதீர்கள். சித்தப்பாவா, பெரியப்பாவா, தாய்மாமனா என்பது தமிழ்ப் பிராதில்தான் தெரியும். ‘பிரதர்’ என்று மொழிபெயர்த்தவர் சித்தப்பா மகனாகவும் இருப்பார். மகன் என்று எழுதியிருந்தால் சுவீகாரமா என்று பாருங்கள். சுவீகாரம் எடுக்க அதிகாரம் தரும் பத்திரமும் உயிலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸின் மூன்றாம் புஸ்தகத்தில் பதிவாகும், எழுதியவர் காலமானபின் யாரும் நகல் கேட்கலாம். நிலம், வீட்டுப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புஸ்தகத்தை எப்போதுமே யாரும் பார்க்கலாம்.

இரண்டு ஆவணம் முரண்பட்டால் கோர்ட்டே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2024 ஜூன் வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொன்னதை ஏற்றது. ஆனால் சண்டை எழுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். அதையே பின்பற்றுங்கள். 1921 பிராதில் வாதி வரைந்த படத்தைவிட, 1904 அடமானப் பத்திரத்தில் போகிறபோக்கில் ‘என் அண்ணன் இன்னார்’ என்று எழுதியதற்கு மதிப்பு அதிகம். பத்திரிகையில் வந்தது வழக்குப் போட்ட செய்தியா, முடிந்த செய்தியா என்பதையும் பாருங்கள். கீழ்க்கோர்ட் ஒப்புக்கொண்ட உறவை அப்பீல் கோர்ட் மறுத்திருக்கும்.

கிரிமினல் வழக்கோ சுவீகார ரகசியமோ அகப்பட்டால் உயிரோடிருப்பவர்கள் சம்பந்தப்பட்ட வரியைத் தனிக் கோப்பில் வையுங்கள். உறவினர் குழுவில் படம் அனுப்பியபின் அதைத் திரும்பப் பெற முடியாது.

ஐ.ஏ.யிலிருந்து ஓர் இறந்த தேதி கிடைத்ததும், நூலகத்துக்குத் திரும்பிப் போய் அந்தத் தேதிக்கு அடுத்த இருபது நாள் இதழ்களை எடுங்கள். மாதக் கணக்கில் புரட்டி அகப்படாத மரண அறிவிப்பு அந்த இருபதுக்குள் இருந்தால் ஒரு மணியில் கையில் வரும். அறிவிப்பின் அடியில் மகள்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ், ஒரு முன்சீப் கோர்ட்.